ஓரக்குறிப்பின் எல்லை

எக்ஸ்எம்எல் கோப்புக்கு வடிவம் வகுக்க உட்காருகிற எவரையும் முதல் நாளே மறிக்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு தகவலை அட்ரிப்யூட்டாக எழுதுவதா, எலிமென்ட்டாக எழுதுவதா? <நூல் ஆண்டு="1887">கலித்தொகை</நூல்> என்று எழுதலாம். <நூல்><பெயர்>கலித்தொகை</பெயர்><ஆண்டு>1887</ஆண்டு></நூல்> என்றும் எழுதலாம். (குறிச்சொற்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள எக்ஸ்எம்எல் தொடக்கத்திலிருந்தே இடம் தருகிறது, நாம்தான் அந்தச் சலுகையை அரிதாகப் பயன்படுத்துகிறோம்.) முதல் வடிவில் ஆண்டு தொடக்கக் குறிச்சொல்லுக்குள்ளேயே பெயரும் மதிப்புமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது அட்ரிப்யூட். இரண்டாவதில் தனக்கென ஒரு தொடக்கமும் முடிவும் கொண்டு தனியே நிற்கிறது, அது எலிமென்ட். கணினி இரண்டையும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். 1998 பிப்ரவரி 10 அன்று வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதிநூல், எதை எப்போது தேர்வது என்பதைப் பயன்படுத்துவோரிடமே விட்டுவிட்டது. அதனால் இது அவரவர் ரசனை என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அட்ரிப்யூட் எதற்காகப் பிறந்தது என்பதற்கு வரலாறு உண்டு. அதை மறந்து வாசகனுக்கு உரிய உரையை அதற்குள் திணித்த இடங்களில் எல்லாம், பிறகு வந்தவர்கள் உட்கார்ந்து பிரித்தெடுக்க வேண்டிவந்திருக்கிறது.

கதை கணினியில் தொடங்கவில்லை, அச்சகத்தில் தொடங்குகிறது. கையெழுத்துப்படி அச்சுக்குப் போகுமுன் பதிப்பாசிரியர் அதன் ஓரத்தில் சிலவற்றை எழுதுவார்: இது தலைப்பு, 14 பாயிண்ட்டில் நடுவே வை, இந்த மேற்கோளை உள்ளே தள்ளு, இங்கே படத்துக்கு இடம் விடு. அச்சுக்கோப்பவர் அவற்றைப் படித்து, சொன்னபடி செய்வார். ஆனால் அவற்றைக் கோக்க மாட்டார். மார்க்கப் என்று மேலைநாட்டு அச்சுத்தொழிலில் சொல்லிவந்தது இந்த ஓர எழுத்தைத்தான். ஒரே தாளில் இரண்டு வகை எழுத்து இருந்தது. ஒன்று வாசகனுக்கு, மற்றது தொழிலாளிக்கு. எது எது என்பதில் அச்சகத்தில் எவருக்கும் குழப்பம் வந்ததில்லை. தப்பித்தவறி ஓரக்குறிப்பு உரையோடு அச்சாகிவிட்டால் புரூப் பார்ப்பவர் சிரித்துக்கொண்டே அடித்துவிடுவார்.

1960களில் அச்சுக்கோப்பு கணினிக்கு மாறியபோது அந்த ஓரக்குறிப்புகளும் உரையின் ஊடே குறியீடுகளாக நுழைந்தன. ஒரு இயந்திரத்துக்கு எழுதிய குறியீடு இன்னொன்றுக்குப் புரியாது. 1967 செப்டம்பரில் கனடா அரசு அச்சகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் வில்லியம் டனிக்ளிஃப், ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் அதன் தோற்றத்தையும் பிரித்துவைக்க வேண்டும் என்று பேசினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969இல், ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கான ஆவண அமைப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோல்ட்ஃபார்ப் தாமே வழக்கறிஞர். திருத்துவதற்கு ஒரு நிரல், தேடுவதற்கு ஒன்று, பக்கம் கட்டுவதற்கு ஒன்று. மூன்றும் ஒரே ஆவணத்தைப் படிக்க வேண்டும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு கட்டளை மொழி பேசியது. இந்தத் தலைவலியிலிருந்து பிறந்ததுதான் ஜிஎம்எல். மூவரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. இது 14 பாயிண்ட் எழுத்து என்று சொல்வதற்குப் பதில் இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று சொல்வது அதன் வழி.

ஜிஎம்எல்லில் அட்ரிப்யூட் செய்த வேலையைப் பார்த்தால் அதன் பிறப்பு விளங்கும். ஐபிஎம் தந்த தொடக்கத் தொகுப்பில் படத்துக்கான குறிச்சொல் ஒன்று இருந்தது. அதற்கு அகலம், சட்டகம், பக்கத்தில் அமரும் இடம், அடையாளப் பெயர், ஆழம் என்று அட்ரிப்யூட்டுகள். ஆழம் என்றால், பின்னால் ஒட்டப்போகும் படத்துக்காகப் பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும் என்ற அளவு. பதிப்பாசிரியர் முன்பு ஓரத்தில் எழுதிய அதே குறிப்பு, இப்போது குறிச்சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அடையாளப் பெயரும் அப்படியே: வேறொரு பத்தியிலிருந்து அந்தப் படத்தைச் சுட்டுவதற்காக நிரலுக்குச் சொல்லிவைக்கும் பெயர் அது. இவற்றில் எதுவும் வாசகன் கண்ணில் படுவதற்கல்ல. படத்தின் விளக்கவரி வாசகனுக்கு உரியது. அதற்குத் தனிக் குறிச்சொல் இருந்தது. குறிச்சொற்களை எல்லாம் உருவிப் போட்டாலும் நடுவில் உள்ள உரை ஒரு சொல் குறையாமல் நிற்க வேண்டும் என்ற எழுதப்படாத விதி இதற்குள் இருக்கிறது.

இந்த மரபு 1986இல் ஐஎஸ்ஓ 8879 என்ற பன்னாட்டுத் தரமாக, எஸ்ஜிஎம்எல் என்ற பெயரில் நிலைபெற்றது. அந்தத் தரத்தில் சாதாரணமாக யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலை உண்டு: வேறு ஏற்பாடு செய்துகொள்ளாதவர்களுக்கான இயல்பு அளவுகளின் பட்டியல். பெயர் ஒன்று 8 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. மேற்கோள் குறிகளுக்குள் எழுதும் அட்ரிப்யூட் மதிப்பு 240 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு தொடக்கக் குறிச்சொல்லே மொத்தமாக 960 எழுத்துக்குள் அடங்க வேண்டும். இவற்றை மாற்றிக்கொள்ள அனுமதி இருந்தது என்பது உண்மை. ஆனால் அட்ரிப்யூட்டை வடிவமைத்தவர்கள் அதற்குள் எதை எதிர்பார்த்தார்கள் என்பதற்கு இந்த 240ஐவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. அடையாளப் பெயர், எண், ஒரு குறிப்புச் சொல். எலிமென்ட்டின் உள்ளடக்கத்துக்கு அப்படி ஒரு உச்சவரம்பு வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அத்தியாயம் நீண்டால் நீளட்டும்.

அதே எஸ்ஜிஎம்எல்தான் பிற்காலக் குழப்பத்துக்கும் விதை போட்டது. ஆவணத்தின் இலக்கணத்தை எழுதிவைக்கும் டிடிடி என்ற பகுதியில், அட்ரிப்யூட்டுகளுக்கு வகை குறிக்க முடிந்தது. இந்த மூன்று சொற்களில் ஒன்றாக மட்டுமே இருக்கலாம், ஆவணத்தில் வேறெங்கும் வராத அடையாளமாக இருக்க வேண்டும், எழுதாவிட்டால் இதுவே மதிப்பு என்றெல்லாம் கட்டுப்பாடு விதிக்கலாம். எலிமென்ட்டின் உள்ளே இருக்கும் எழுத்துக்கோ எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. எழுத்து என்றால் எந்த எழுத்தும்தான். ஆகவே பிழை பார்க்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்க விரும்பியவர்கள், தகவலின் இயல்பு என்ன என்று யோசிக்காமல், கட்டுப்பாடு கிடைக்கிற இடத்துக்குத் தகவலைத் தள்ளினார்கள். குறிச்சொல்லுக்குள் எழுதினால் முடிவுக் குறிச்சொல் அடிக்கும் வேலையும் மிச்சம். கைகளால் தட்டெழுதிய காலத்தில் அது சிறிய காரணமல்ல. கருவியின் குறை காரணமாக வந்த பழக்கம், கருவி மாறிய பிறகும் விதிபோல் நிலைத்துவிட்டது.

அந்தப் பழக்கத்தின் விலையை மிகத் தெளிவாகக் காட்டுவது டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேடிவ், சுருக்கமாக டிஇஐ. 1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்துப் பொகிப்ஸி நகரின் வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள், இலக்கிய நூல்களையும் சுவடிகளையும் கணினியில் ஏற்றுவதற்கு ஒரு பொது முறை வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மைக்கேல் ஸ்பெர்பெர்க்-மெக்வீனும் லூ பர்னார்ட்டும் பதிப்பாசிரியர்களாக இருந்து 1994இல் வெளியிட்ட பி3 என்ற வழிகாட்டி அந்தத் துறையின் அடிப்படை நூலாயிற்று. எஸ்ஜிஎம்எல்லிலிருந்து எக்ஸ்எம்எல்லை உருவாக்கிய மூன்று பதிப்பாசிரியர்களில் ஸ்பெர்பெர்க்-மெக்வீனும் ஒருவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உரைக்கும் உரையைப் பற்றிய குறிப்புக்கும் உள்ள வேறுபாட்டில் இவர்களைவிடக் கவனமானவர்களைத் தேடினாலும் கிடைக்காது. அவர்களே ஓர் இடத்தில் சறுக்கினார்கள்.

மூலப்பிரதியில் உள்ள அச்சுப்பிழையை எப்படிக் காட்டுவது என்பதே அந்த இடம். டிஇஐயின் குறிச்சொற்கள் லத்தீன், ஆங்கிலச் சுருக்கங்கள். இங்கே தமிழாக்கித் தருகிறேன். பழைய பதிப்பு ஒன்றில் ‘பொருள்’ என்று இருக்க வேண்டியது ‘பொறுள்’ என்று அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி3 இரண்டு வழி தந்தது. பிழையை உரையில் வைத்துத் திருத்தத்தை அட்ரிப்யூட்டில் சொல்லலாம்: <பிழை திருத்தம்="பொருள்">பொறுள்</பிழை>. அல்லது திருத்தத்தை உரையாக்கிப் பிழையை அட்ரிப்யூட்டுக்கு அனுப்பலாம்: <திருத்தம் பிழை="பொறுள்">பொருள்</திருத்தம்>. சுருக்கமாக எழுதிய சொல்லுக்கும் அதன் முழு வடிவத்துக்கும், பழைய எழுத்துக்கூட்டலுக்கும் புதியதற்கும் இதே இரட்டை ஏற்பாடு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சொல் ஒன்று, திருத்தம் ஒன்று என்று இருக்கும்வரை வேலையும் செய்யும்.

நூல்கள் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. திருத்தம் ஒரு சொல்லோடு நிற்காமல் ஒரு தொடராகி, அந்தத் தொடருக்கு நடுவில் ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்கினால், அந்த வரிமுறிவைக் குறிக்க இன்னொரு குறிச்சொல் வேண்டும். அட்ரிப்யூட்டுக்குள் குறிச்சொல் நுழைய முடியாது. விரித்தெழுதும் சொல்லில் எந்த எழுத்து சுவடியில் உள்ளது, எது பதிப்பாசிரியர் சேர்த்தது என்று பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் அதற்கும் வழியில்லை. யூனிகோடில் இன்னும் இடம்பெறாத எழுத்துருவம் ஒன்று வந்தால் அதற்கென டிஇஐ பின்னாளில் வகுத்த எலிமென்ட்டையும் அட்ரிப்யூட் மதிப்பில் செருக முடியாது. இவற்றையெல்லாம்விடக் கூர்மையான சிக்கல் மொழி சார்ந்தது. ஓர் எலிமென்ட்டுக்கு மொழி குறித்தால், அந்தக் குறிப்பு அதன் உள்ளடக்கத்தையும் அதன் அட்ரிப்யூட்டுகளையும் சேர்த்தே கட்டும் என்பது எக்ஸ்எம்எல் விதி. உரை லத்தீன், அட்ரிப்யூட்டில் உள்ள விளக்கம் ஜெர்மன் என்றால் இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் அறிவிக்கப்படும். எக்ஸ்எம்எல்லுக்கு மாற்றி 2002இல் வெளியான பி4 இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டது. 2007 நவம்பரில் வெளியான பி5 அதைக் கைவிட்டது. ஒரு புதிய எலிமென்ட், அதற்குள் பிழையும் திருத்தமும் சமமான இரண்டு எலிமென்ட்டுகள்: <தேர்வு><பிழை>பொறுள்</பிழை><திருத்தம்>பொருள்</திருத்தம்></தேர்வு>. அதோடு, அட்ரிப்யூட்டுகளில் என்ன வகை மதிப்பு வரலாம் என்பதற்கும் வரையறை வகுத்தார்கள். பழைய முறையில் ஏற்றிய கோப்புகளை வைத்திருந்தவர்கள் உருமாற்றும் வேலையில் இறங்கினார்கள்.

மனிதர் படிக்க வேண்டிய உரை அட்ரிப்யூட்டிலிருந்து எலிமென்ட்டுக்கு இடம்பெயர்ந்த இந்தக் கதை டிஇஐக்கு மட்டும் உரியதல்ல. 1993இல் மார்க் ஆண்ட்ரீசன் வலைப்பக்கத்தில் படம் சேர்க்க முன்மொழிந்த குறிச்சொல், உள்ளடக்கம் எதுவும் இல்லாத வெற்று எலிமென்ட். படம் தெரியாதவர்களுக்கான மாற்று உரை, 1995இன் எச்டிஎம்எல் 2.0இல் அதன் அட்ரிப்யூட்டாக அமர்ந்தது. பார்வையற்ற ஒருவருக்குத் திரைவாசிப்பு நிரல் உரக்கப் படித்துக் காட்டுவது அந்த உரையைத்தான். ஆக அவருக்கு அது முழுமுதல் உள்ளடக்கம். ஆனால் அதற்குள் ஒரு பத்தி பிரிக்க முடியாது, ஒரு பட்டியல் போட முடியாது, நடுவில் வரும் வேற்றுமொழிச் சொல்லை வேற்றுமொழி என்று குறிக்க முடியாது. அதே காலத்தில் டேவ் ராகெட் வகுத்த எச்டிஎம்எல்+ வரைவில் இன்னொரு வழி இருந்தது: படத்துக்கான குறிச்சொற்களின் நடுவிலேயே மாற்று உரையை எழுதுவது. உலாவிகள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அட்டவணையைச் சுருக்கிச் சொல்ல எச்டிஎம்எல் 4இல் வைத்த அட்ரிப்யூட்டை எச்டிஎம்எல்5 வழக்கொழிந்ததாக அறிவித்து, விளக்கத்தைப் பக்கத்தின் உரையிலேயே எழுதச் சொன்னது. மொழிபெயர்ப்பாளர்களின் அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. எக்ஸ்எம்எல் கோப்புகளை மொழிபெயர்ப்பதற்காக 2007இல் வந்த ஐடிஎஸ் 1.0 தரம், வேறு சொல்லாதவரை எலிமென்ட்டின் உள்ளடக்கம் மொழிபெயர்க்க வேண்டியது, அட்ரிப்யூட் மொழிபெயர்க்க வேண்டாதது என்று எடுத்துக்கொள்கிறது. அச்சுக்கோப்பவரின் பழைய பாகுபாடு இங்கே சட்டமாகவே வந்துவிட்டது.

எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, வலுவானதும்கூட: வாசகனுக்கு உரியது, தொழிலாளிக்கு உரியது என்ற பிரிவு புத்தகத்துக்குப் பொருந்தும், எக்ஸ்எம்எல் கோப்புகளில் பெரும்பாலானவை புத்தகம் அல்லவே? இரண்டு வங்கிக் கணினிகள் பரிமாறிக்கொள்ளும் செய்தியில் அச்சாவது எது, அச்சாகாதது எது? நியாயமான கேள்வி. 1998க்குப் பிறகு எக்ஸ்எம்எல்லை அணைத்துக்கொண்டவர்களில் பதிப்பாளர்களைவிட நிரலாளர்களே அதிகம், அவர்களிடம் இந்த மரபு இல்லை. விளைவைப் பாருங்கள். அதே 1998இல் வந்த எக்ஸ்எம்எல்-ஆர்பிசி அட்ரிப்யூட்டையே தொடவில்லை. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2000, அட்டவணை வரிசையை எக்ஸ்எம்எல்லாகத் தரும் ஆட்டோ முறையில் ஒவ்வொரு நெடுவரிசையையும் இயல்பாகவே அட்ரிப்யூட்டாகத் தந்தது. எலிமென்ட்டாக வேண்டுமென்றால் தனியே கேட்க வேண்டும். ஆர்டிஎஃப் தரமோ பல பண்புகளை இரண்டு வகையிலும் எழுதலாம், பொருள் ஒன்றுதான் என்றது. ஜாவா உலகில் ஆன்ட் என்ற கருவி அட்ரிப்யூட்டுகளைக் குவித்தது, அடுத்து வந்த மேவன் எல்லாவற்றையும் எலிமென்ட்டாக எழுதவைத்து விரல்களை ஓயவைத்தது. உரை என்பதே இல்லாத இடத்தில் உரைக்கும் குறிப்புக்கும் வேறுபாடு தேடுவது வீண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே இரண்டில் எதைத் தேர்ந்தாலும் பெரிய பாவம் இல்லை. சுத்தமான தரவுக்கு இந்த இரட்டை அமைப்பே தேவையற்ற சுமை. அட்ரிப்யூட் என்ற ஒன்றே இல்லாத ஜேசன் என்ற தரவு வடிவம் அந்த வேலைகளைப் பெருமளவு எடுத்துக்கொண்டதில் எனக்கு வியப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

இரண்டாவது எதிர்வாதம், எது தகவல், எது தகவலைப் பற்றிய தகவல் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்பது. நூலைப் படிப்பவருக்குப் பதிப்பாண்டு ஒரு குறிப்பு. நூலடைவு தயாரிப்பவருக்கு அதுவே உள்ளடக்கம். சரிதான். ஆனால் ஒரு கோப்பு ஒரு வேலைக்காக எழுதப்படுகிறது. நூலடைவை எழுதுகிறவர் ஆண்டை எலிமென்ட்டாக எழுதட்டும், அதில் முரண் இல்லை. பார்வைக்குப் பார்வை மாறாத ஒரு சோதனையும் கையில் இருக்கிறது: இந்த மதிப்பைப் பற்றி நாளை யாராவது ஏதாவது சொல்ல வேண்டிவருமா? டிஇஐயில் தேதிக்கான எலிமென்ட் இதற்கு நல்ல பாடம். மூலத்தில் ‘சென்ற தைத் திங்கள்’ என்று இருந்தால் அது உள்ளடக்கமாக அப்படியே நிற்கும். கணினி வரிசைப்படுத்துவதற்கான 1911-01 என்ற வடிவம் அட்ரிப்யூட்டில் இருக்கும். மிகச் சரியான வேலைப்பிரிவு. ஆனால் அந்த 1911 ஒரு அறிஞரின் ஊகம், இன்னொருவர் 1912 என்கிறார் என்று வந்தவுடன் சங்கடம் தொடங்குகிறது. அட்ரிப்யூட்டுக்கு அட்ரிப்யூட் கிடையாது. அதைப் பற்றிய ஐயத்தைச் சொல்ல டிஇஐ தனியாக ஓர் எலிமென்ட்டை உண்டாக்கி, அது வேறோர் எலிமென்ட்டின் குறிப்பிட்ட அட்ரிப்யூட்டை விரல் நீட்டிக் காட்டும்படி ஏற்பாடு செய்திருக்கிறது. விவாதத்துக்கு உரிய மதிப்பு அட்ரிப்யூட்டில் சிக்கிக்கொண்டால் இப்படித்தான் சுற்றி வளைத்துப் பேச வேண்டியிருக்கும். ஜெனி டெனிசனும் வெண்டல் பியஸும் 2002இல் முன்வைத்த எல்எம்என்எல் மொழியில் அட்ரிப்யூட்டுக்குள்ளேயே குறிச்சொற்களை அனுமதித்தார்கள். குறை எங்கே என்று சரியாகக் கண்ட முயற்சி, பரவவில்லை.

நடைமுறை பேசுகிறவர்கள் கோப்பின் அளவையும் வேகத்தையும் காட்டுவார்கள். எஸ்விஜி என்ற எக்ஸ்எம்எல் வடிவில் வரையும் படங்களில் ஒரு கோட்டின் நெளிவு முழுவதும், நூற்றுக்கணக்கான எண்களானாலும், ஒரே அட்ரிப்யூட்டில் அடைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் எலிமென்ட்டாக்கினால் கோப்பு ஊதிப்போகும் என்பதுதான் காரணம். வேலை நடக்கிறது, ஆனால் அந்த எண்களைப் படிக்க எக்ஸ்எம்எல் கருவிகள் உதவா, ஒவ்வொரு நிரலும் அதற்குள் இருக்கும் குட்டி மொழிக்குத் தனியாக இலக்கணம் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எண்களை எந்த மனிதரும் படிக்கப்போவதில்லை என்பதால் இதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். வேக வாதத்தில் ஒரு பகுதிக்கு நல்ல நியாயம் உண்டு. 1998இல் வந்த சாக்ஸ் முறையில் நிரல் கோப்பை முதலிலிருந்து ஓட்டமாகப் படித்துச் செல்கிறது. தொடக்கக் குறிச்சொல்லைக் கண்டவுடன் அதன் அட்ரிப்யூட்டுகள் எல்லாம் ஒருசேரக் கைக்கு வந்துவிடுகின்றன. உள்ளே இருப்பவை பிறகு ஒவ்வொன்றாக வரும். உள்ளே வருவதை எப்படி நடத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டிய வகை, மொழி, அடையாளம் ஆகியவை அட்ரிப்யூட்டில் இருப்பதே வசதி. கவனித்தால், அச்சுக்கோப்பவர் எழுத்தை எடுக்குமுன் ஓரத்தைப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இந்த வாதம் என் கட்சிக்கே வலு சேர்க்கிறது.

அட்ரிப்யூட் மீது வெறுப்பு கொண்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் எலிமென்ட்டாகவே எழுதினால் எதிர்காலம் பத்திரம் என்பது அவர்கள் கட்சி. அதையும் ஏற்கத் தயங்குகிறேன். யாரோ வகுத்த ஆவணத்தின் அமைப்பைக் குலைக்காமல் அதன் மேல் இன்னொரு தளத்துக் குறிப்பைப் போர்த்த வேண்டுமென்றால் அட்ரிப்யூட்டுக்கு இணை கிடையாது. 1992இன் ஹைடைம் தரமும் 2001இன் எக்ஸ்லிங்க்கும் அந்த வழியில்தான் சென்றன; எந்தப் பெயர் கொண்ட எலிமென்ட்டையும் ஓர் அட்ரிப்யூட் சேர்த்து இணைப்பாக மாற்ற முடிந்தது. எலிமென்ட்டைச் சேர்த்தால் உரையின் வரிசையில் ஒரு புது உருப்படி நுழைகிறது. அட்ரிப்யூட் அந்த வரிசையைத் தொடுவதே இல்லை. வரிசை என்பது இங்கே முக்கியம். எலிமென்ட்டுகள் எழுதிய ஒழுங்கில்தான் படிக்கப்படும், அட்ரிப்யூட்டுகளுக்கு ஒழுங்கே கிடையாது, ஒரே பெயரில் இரண்டு வரவும் முடியாது, உள்ளே அடித்த வரிமுறிவுகள் படிக்கும்போது வெறும் இடைவெளியாகிவிடும். இத்தனையும் குறிப்புக்குப் பொருந்தும், உரைக்குப் பொருந்தாது. 2001இல் வந்த எக்ஸ்எம்எல் ஸ்கீமாவும் ரிலாக்ஸ் என்ஜியும் எலிமென்ட்டின் உள்ளடக்கத்துக்கும் அட்ரிப்யூட்டுக்கும் ஒரே மாதிரி வகைக் கட்டுப்பாடு விதிக்க வழி செய்துவிட்டன. டிடிடி காலத்துச் சாக்கு அத்தோடு தீர்ந்தது. கட்டுப்பாட்டுக்காக அட்ரிப்யூட் என்று இன்று யாராவது சொன்னால் அது கால் நூற்றாண்டு பழைய காரணம்.

தமிழுக்கு இந்தப் பேச்சில் நேரடிப் பங்கு உண்டு. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியில் 2019இல் தொடங்கிய தர்மா திட்டம், தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளையும் எபிடாக் என்ற முறையில் ஏற்றியிருக்கிறது. எபிடாக், டிஇஐயைக் கல்வெட்டுக்கு ஏற்பத் தகவமைத்த வடிவம். ஒரு சோழர் கல்வெட்டில் மன்னரின் பட்டப்பெயரில் நடுவிலுள்ள இரண்டு எழுத்துகள் சிதைந்திருந்தால், அச்சு நூலில் கோப்[பர]கேசரி என்று சதுர அடைப்பில் காட்டுவார்கள். எபிடாக்கின் வழியைத் தமிழாக்கினால் அது கோப்<நிரப்பு காரணம்="சிதைவு">பர</நிரப்பு>கேசரி என்று வரும். பதிப்பாசிரியர் நிரப்பிய எழுத்தை வாசகர் படிக்க வேண்டும், அது உள்ளடக்கம். ஏன் நிரப்பினார் என்பது குறிப்பு. மூன்று எழுத்து அறவே போய்விட்டது, ஊகிக்கவும் வழியில்லை என்றால், உள்ளடக்கமே இல்லாத ஓர் எலிமென்ட்டில் காரணமும் எண்ணிக்கையும் அட்ரிப்யூட்டுகளாக நிற்கும். பிரித்த விதம் கச்சிதம்.

நம் பழைய பதிப்புகளின் அடிக்குறிப்பில் உள்ள பிரதிபேதங்கள் இதைவிடப் பெரிய சுரங்கம். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் சுவடிக்குச் சுவடி மாறும் பாடங்களைப் பக்கத்தின் அடியில் தொகுத்துத் தந்தார். அவற்றைக் கணினியில் ஏற்றும்போது, ஏற்றுக்கொண்ட பாடத்தை உரையாக வைத்து மற்ற பாடங்களை ஓர் அட்ரிப்யூட்டில் காற்புள்ளியிட்டு அடுக்கிவிடும் ஆசை வரும். தட்டெழுதுகிறவருக்கு அது சுலபம். மாற்றுப்பாடம் ஓரக்குறிப்பல்ல, அதுவும் உரை. அதற்குள் சீர் பிரிக்க வேண்டிவரும், ஓர் எழுத்து ஐயமானது என்று குறிக்க வேண்டிவரும், அதற்கும் உரையாசிரியர் விளக்கம் எழுதியிருப்பார். டிஇஐ ஒவ்வொரு பாடத்தையும் தனி எலிமென்ட்டாக்கி, அது எந்தச் சுவடியிலிருந்து வந்தது என்பதை மட்டும் அட்ரிப்யூட்டில் சுட்டுகிறது. பழந்தமிழ் நூல்களை எக்ஸ்எம்எல்லில் ஏற்றும் பணியைத் தொடங்கப்போகிறவர்கள் முதல் கோப்பிலேயே அப்படிச் செய்துவிடுங்கள்: பாடபேதம் எலிமென்ட்டில், சுவடியின் அடையாளமும் பக்க எண்ணும் அட்ரிப்யூட்டில்.